இரண்டு தலைமாட்டுக் கட்டில்

என் மடைத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்லரோச் சந்தைப் பக்கம் போனால் இதை எப்படியும் யாராவது உங்களுக்குச் சொல்லுவார்கள். அவர்கள் கை கால் வைத்துச் சொல்வதைவிட நானே சொன்னால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

பலெர்மோவில் இருபது வருஷத்துக்கு மேலாக வீடு துடைத்துப் பிழைக்கிறவன் நான். துடைத்ததில் முக்கால்வாசி மோபிலி. இத்தாலியனில் மோபிலி என்றால் தளபாடம்: அலுமாரி, மேசை, கட்டில் எல்லாம். மோபிலிக்கு அடியிலும் துடை, மோபிலியை இழுக்காதே, மோபிலியில் ஈரத்துணி வைக்காதே என்று எத்தனை வீடுகளில் எத்தனை வாய்கள் சொல்லியிருக்கும். அந்தச் சொல்லைத் துடைத்தே வயிறு வளர்த்தவன் என்று சொல்லலாம். இப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு செய்தி வந்தது. காம்பர் உங்களுக்குத்தான், ஆனால் மோபிலி எல்லாம் திரும்பச் செய்யவேண்டும் என்று இத்தாலியனில் எழுதியிருந்தது. காம்பர் என்றால் உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் வைத்த வீட்டு வண்டி. அதுவரை சரியாக வாசித்துவிட்டேன். அதற்குப் பிறகு, ரோமன் எழுத்தைக் கண்டால் இங்கிலிஷுக்குள் ஓடிவிடுகிற என் மூளை, மோபிலியை மொபைல் என்று வாசித்தது. வண்டிக்குள் ஏதோ பழைய போன் பூட்டியிருக்கிறார்கள், அது பழுது, அவ்வளவுதான் என்று விளங்கிக்கொண்டேன். உடனே பதில் போட்டேன். பிரச்சினையே இல்லை, மோபிலி திருத்துகிற கடை பல்லரோவில் இருக்கிறது, அவன் என் கூட்டாளி, அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் முடித்துத் தருவான்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல் வந்தது. 'பிராவோ.'

செய்தி அனுப்பியவர் ஒரு சினோராவின், அதாவது வயதான இத்தாலிய அம்மா ஒருவரின் மகன். அந்தச் சினோராவை என் மனைவி பல வருஷம் பார்த்துக்கொண்டாள். வயதானவர்களின் வீட்டிலேயே இரவும் பகலும் தங்கிப் பராமரிக்கிற அந்த வேலைக்கு இங்கே பதாந்தே என்று பெயர். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் அவள் எனக்கு மனைவி, மற்ற நாட்களில் சினோராவுக்குச் சொந்தம். இதை ஒருமுறை நான் சினோராவிடம் பகிடியாக முறையிட்டேன். அந்த மனுசி என்னை மேலும் கீழும் பார்த்து, உனக்கு அதுவே கூட என்றார். நியாயமான தீர்ப்புத்தான்.

அந்த வீட்டில் என் மனைவிக்குக் குசினியை ஒட்டி ஒரு சின்ன அறை. கட்டில் சுவரோடு சேர்த்து அடித்தது, அசைக்க முடியாது. அதன் தலைமாடு வடக்கே இருந்தது. எங்கள் ஆட்கள் தலை வைக்கிற பக்கத்தைத் தலைமாடு என்றும் கால் நீட்டுகிற பக்கத்தைக் கால்மாடு என்றும் சொல்லுவோம். நடுவில் கிடக்கிறதுக்கும் ஒரு மாட்டுப் பெயர் உண்டா என்று கலியாணம் முடித்த புதிதில் நான் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். வடக்கே தலை வைக்கக்கூடாது என்பதும் எங்களுக்குள் எல்லாரும் அறிந்தது. ஆகவே அவள் முதல் நாளே தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டாள். கால்மாட்டுக்கு அருகில் கதவு. சினோராவின் அறையைப் பார்த்தபடி அது எப்போதும் அரைவாசி திறந்திருக்கும். சினோரா இருமினால் கேட்கும். செருப்பைத் தேடினால் கேட்கும். தண்ணீர்க் கோப்பையைத் தொட்டால் கேட்கும். கூப்பிடுவதற்கென்று மகன் வாங்கிக்கொடுத்த மின்சார மணியைச் சினோரா ஒரு நாளும் அழுத்தியதில்லையாம். அவர் புரண்டு படுக்கும்போதே இவள் வாசலில் நிற்பாளாம்.

ஒரு குளிர்காலத்தில் சினோரா போய்ச் சேர்ந்தார். என் மனைவி இரண்டு பைகளோடு ஒரேத்தோத் தெருப்பக்கம் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாரத்தில் ஏழு நாளும் மனைவி கிடைத்துவிட்டாள் என்று நான் உள்ளுக்குள் பெரிய கொண்டாட்டம் கொண்டாடினேன். ஆனால் அவள் கொண்டுவந்த பைகளில் நித்திரை இருக்கவில்லை. அதை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள் போலிருந்தது. மேல்மாடிக்காரர் கதிரையை இழுத்தால் விழித்துவிடுவாள். குளிர்சாதனப் பெட்டி உறுமினால் எழும்பிப் போய்க் குசினி வாசலில் நிற்பாள். காலையில் தேத்தண்ணி தரும்போது, "என்னைக் கூப்பிட்டனீங்களோ?" என்று கேட்பாள். இல்லை என்பேன். நம்பமாட்டாள். கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் வளையம் விழுந்தது. மாடிப்படி துடைக்கிற வேலைக்குப் போனவள் ஒரு நாள் தலைசுற்றி வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வைத்தியர் துளி மருந்து எழுதிக்கொடுத்து, இந்தப் பெண் நித்திரை கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் உடம்பு படுத்துவிடும் என்று என்னிடம் சொன்னார். ஏதோ நான்தான் அவள் கண் இமையைப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார். துளி மருந்து குடித்தால் யாராவது கூப்பிடுவது கேட்காது என்று பயந்து அவள் அதைத் திறக்கவே இல்லை.

அப்போதுதான் கத்தானியா நகரத்தில், பெரியபிள்ளையான ஒரு பெண்ணுக்குச் சாமத்தியச் சடங்கு வந்தது. பஸ்ஸில் போனோம். பலெர்மோ தாண்டியதும் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. வாய் திறந்தது. மெல்லிய குறட்டையும் வந்தது. கத்தானியா வரைக்கும் நான் அசையவில்லை. இறங்கும்போது என் வலது கை எனக்குச் சொந்தமில்லாததுபோல் தொங்கியது. சடங்கு வீட்டில் இடது கையால் சாப்பிட முடியாமல் ஒரு விருந்தையே தவறவிட்டேன். திரும்பி வரும்போதும் அதே தோள், அதே குறட்டை. நான் பஸ் கூரையைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன். இந்த மனுசிக்கு வீட்டில் நித்திரை வராது, வாகனத்தில் வருகிறது. ஆகவே எங்களுக்குத் தேவை வாகனத்துக்குள் ஒரு கட்டில். சினோராவின் பிள்ளைகள் வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் வைத்திருந்த பழைய காம்பரை எடுக்கிறீர்களா என்று மகன் முந்தின கிழமை கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்தேன். பஸ்ஸில் இருந்தபடியே ஒற்றைக் கையால் ஓம் என்று எழுதிப் போட்டேன். அதற்கு வந்த பதிலைத்தான் மேலே சொன்ன சீரில் வாசித்தேன்.

காம்பர் எங்கள் கட்டடத்துப் பின்முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. எஞ்சின் நல்ல பிள்ளை. உள்ளேதான் கதை. பின்பக்கக் கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு மணம் அடித்தது. மண்ணிறக் கட்டம் போட்ட மெத்தைகள் நடுவில் பள்ளமாகிக் கிடந்தன. கூரைச் சன்னலைச் சுற்றி மழை இறங்கி இறங்கிச் சுவர்ப் பலகை நனைந்த அப்பளம்போல் வீங்கியிருந்தது. சட்டத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் புட்டுக்குள் போவதுபோல் போனது. இழுப்பறைகளில் கடல் மணல், ஒன்றுக்குள் மூன்று குழல் மக்கரோனி, இருக்கைக்கு அடியில் சினோராவின் கடற்கரைச் செருப்பில் ஒற்றை. அதை என் மனைவி என் கையில் இருந்து வாங்கித் தட்டி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள். வண்டிக்குள் அவள் ஏறவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "இதுக்குள்ளையோ என்னைப் படுக்கச் சொல்லுறியள்?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாவற்றையும் புதிதாகச் செய்வேன், உமக்கு உள்ளே என்ன வேண்டும், சொல்லும் என்றேன். அடுக்குமாடியில் ஒரு தளத்தையே கேட்டிருந்தாலும் சம்மதித்திருப்பேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிற வழியில் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"தலைமாடு தெற்கை இருக்கட்டும். வேற ஒண்டும் வேண்டாம்."

எனக்கு உதவிக்கு வந்தவன் மன்னார்க்காரன் ஒருவன். ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை, திங்கட்கிழமை ஓய்வு. சொந்தமில்லை, ஆனால் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம். ஆணியின் எந்தப் பக்கம் உள்ளே போகவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், அந்த அளவில் என்னைவிட மேல். நான் போனில் படம் ஓட்டிப் படித்த தச்சன். கழற்றும்போது எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று தெரிய ஒவ்வொன்றையும் கவனமாகப் படம் பிடித்து வைத்தேன். பிறகு எடுத்துப் பார்த்தால் எல்லாப் படத்திலும் என் பெருவிரல்.

கோடை முழுக்க திங்கட்கிழமைகளும் வேலை முடிந்த பின்னேரங்களும் அந்த வண்டிக்குள் போயின. ஊறிப்போன பலகைகளை உரித்தோம். கூரைச் சன்னலைக் கழற்றிச் சுற்றிவரப் பசை பூசி மீண்டும் பூட்டி, மேலே வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். முதல் தடவை தண்ணீர் முழுவதும் கீழே நின்ற என் தலையில் இறங்கியது. இரண்டாம் தடவை இறங்கவில்லை. புதுச் சட்டம் அடித்தோம். சுவருக்கு இடையில் வெக்கை தாங்குகிற வெள்ளைத் தகடுகளைச் செருகி, மேலே மெல்லிய பலகை போட்டோம். நான் அளந்து வெட்டிய அலுமாரிக் கதவு, பக்கத்துக் கதவு மூடியிருந்தால் மட்டும் திறக்கும். ஒன்றை ஒன்று மதித்து நடக்கிற அலுமாரி என்று மச்சான் அதற்குப் பெயர் வைத்தான். மெத்தைக்குத் துணி வாங்க வியா மக்வேதாக் கடைத்தெருவுக்குப் போய் மஞ்சள் எலுமிச்சம்பழம் போட்டது ஒன்றைப் பெருமையோடு தூக்கிவந்தேன். என் மனைவி விரித்துப் பார்த்துவிட்டு, தான் என்ன இஞ்சை சுற்றுலாவுக்கு வந்தவளோ என்று கேட்டு, தானே போய் மாற்றி வெளிர்நீலத்தில் எடுத்துவந்தாள்.

அவள் முதன்முதலாக உள்ளே ஏறியது பாத்திரம் கழுவுகிற தொட்டிக்காக. பழைய தொட்டியையும் இரண்டு அடுப்புகளையும் எறிய மனமில்லாமல் வைத்திருந்தேன். நான் தேய்க்கிற தேய்ப்பைப் பார்த்துப் பொறுக்காமல் விலக்கிவிட்டு, வினாகிரி ஊற்றி அவளே தேய்த்தாள். தேய்த்து முடித்து, மினுங்குகிற குழாயில் தன் முகத்தைப் பார்த்து, கண்ணுக்குக் கீழே விரலால் தொட்டுக்கொண்டாள். நான் பலகையைப் பார்க்கிறமாதிரி நின்றேன். வாறமாதம் போவோமா என்று கேட்டேன். பாப்பம் என்றாள்.

கட்டிலை மட்டும் நான் யாரையும் தொடவிடவில்லை. போனில் திசைகாட்டியைத் திறந்து, வண்டிக்குள் நடந்து நடந்து பார்த்தேன். மூக்கு வடக்கே, பின்கதவு தெற்கே. ஆகவே தலைமாடு பின்கதவுப் பக்கம். இடது சுவர் நீளத்துக்குக் கட்டில், தலைமாட்டில் சாய்வுப் பலகை, வாசிக்க ஒரு லைட், அடியில் தண்ணீர்த் தாங்கி. பசையும் போட்டுத் திருகாணியும் போட்டு இறுக்கினேன். அசையவே கூடாது என்று இறுக்கினேன். கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருக்கும்போது மச்சான் பின்படியில் இருந்து சிகரெட்டைப் பற்றவைத்தான்.

"மச்சான், கட்டில் தெற்கை பாக்குது. சரி. வண்டி எங்கை பாக்கும்?"

"எந்த வண்டி?"

"நீ ஏறி நிக்கிற வண்டி."

நான் முறுக்குவதை நிறுத்தினேன்.

"நாளைக்கு இதை வளைச்சுத் திருப்பி ஓட்டுவமெல்லே," என்றான் அவன், குழந்தைக்குச் சொல்வதுபோல. "இல்லாட்டி தெற்கும் எங்களோட சேந்து வருமோ?"

நான் அந்தக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்தேன். வண்டி செய்கிறேன் என்று நினைத்து ஒரு வீடு கட்டிவைத்திருந்தேன். மச்சான் பின்படியில் இருந்து சிரிக்கத் தொடங்கி, தரையில் இருந்து சிரித்து முடித்தான். தாங்கள் கத்தோலிக்கர் எந்தப் பக்கமும் தலை வைப்பார்களாம், தங்கட பாதர் ஒரு நாளும் கொம்பாஸ் கேட்டதில்லையாம். அந்தக் கிழமைக்குள் இது பல்லரோ முழுக்கப் பரவியது. மீன் வாங்கப் போனால், அண்ணை மீனுக்குத் தலை எந்தப் பக்கம் வைச்சு வெட்ட என்று கேட்டார்கள்.

கழற்றினால் தாங்கியும் சுவரும் சேர்ந்து வரும். யோசித்தேன். என் மூளை அபூர்வமாக வேலை செய்கிற நாட்களும் உண்டு. கட்டிலுக்குக் கால்மாடே இல்லாமல் செய்துவிட்டேன். ஓட்டுனர் இருக்கைக்குப் பின்னால் வருகிற முனையிலும் ஒரு சாய்வுப் பலகை, ஒரு லைட், கண்ணாடி வைக்க ஒரு தட்டு. இனி வண்டி எந்தப் பக்கம் நின்றாலும் சரியான முனையில் தலையணையைப் போட்டால் முடிந்தது. உலகத்தில் இரண்டு தலைமாடு உள்ள கட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும். மனைவியிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஊரே சொல்லிச் சிரித்ததை அவள் கேள்விப்பட்டிருக்கமாட்டாள் என்று நினைத்ததையும் மடைத்தனக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒக்ரோபரில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். மச்சான் ஓட்டினான். ஸ்ஃபெராக்கவாலோ என்கிற மீன்பிடி ஊரைத் தாண்டி, கல்லுக்கரை ஒன்றில் கடலைப் பார்த்து நிறுத்தினான். பிறகு தூண்டிலை எடுத்துக்கொண்டு, உங்கள் குடும்ப விசயத்தில் நான் இல்லை என்கிற நடையோடு கற்பாறைகளுக்குப் போனான். முந்தின இரவும் அவள் நித்திரை கொள்ளவில்லை. வரும் வழியிலும் கொள்ளவில்லை. பஸ்ஸில் வந்தது இதில் வரவில்லையே என்று வழிநெடுக அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். இத்தனை மாதத்துப் பலகையும் பசையும் வீணாகப் போகலாம், அது பரவாயில்லை. அவள் நாளைக்கும் அந்த மாடிப்படிகளில் ஏறவேண்டும்.

கட்டிலைக் காட்டினேன். "லைட் ஏன் ரெண்டு?" என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு திசைகள், தலைமாடுகள், கண்டுபிடிப்பு எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு லைட்டைப் போட்டுப் பார்த்தாள், மற்றதையும் போட்டுப் பார்த்தாள். நான் போனை எடுத்து, மூக்கு கடலுக்கு, கடல் வடக்கு, ஆகவே தெற்கு பின்கதவுப் பக்கம் என்று அறிவித்து, தலையணையைக் கதவோரத்தில் போட்டேன்.

அவள் தலையணையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு தலையணையை எடுத்து மறுமுனையில் போட்டாள்.

"அது வடக்கு," என்றேன்.

"தெரியும்."

"நீர்தானே தெற்கை எண்டு சொன்னீர்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை மேலே தூக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்த நீலத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கதவடியில தலை வைச்சா நான் காதைக் குடுத்துக்கொண்டுதான் கிடப்பன். அங்கையும் அப்பிடித்தானே கிடந்தனான். இப்பத்தான் விளங்குது."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. சினோராவின் வீட்டுச் சின்ன அறையை நான் அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்துவைத்திருந்தேன்: சுவரோடு கட்டில், கதவோடு தலை. அசையாதபடி பசையும் போட்டு. திசையைப் பார்த்த கண் கதவைப் பார்க்கவில்லை. மற்ற முனை இருந்தது என் புத்தியால் இல்லை, மச்சானின் சிரிப்பால்.

அவள் வடக்கே தலை வைத்துச் சரிந்தாள். வாழ்க்கையில் ஒரு நாளும் செய்யாததை, சாதாரணமாக, சீலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டு செய்தாள். நான் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். இப்போது காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது நான். அலை சரி. தூரத்து நாய், பொறுக்கலாம். அப்போது, அந்தப் பக்கத்தின் ஒரே ஒலிபெருக்கி மூன்றுசில்லு வண்டியில் வந்தது. வெங்காயமும் தக்காளியும் போட்டுச் சுடுகிற ஸ்ஃபின்சோனே ரொட்டி விற்கிறவர். எவ்வளவு வாசனை, எவ்வளவு சூடு என்று பதிவுசெய்த குரல் மலையில் மோதித் திரும்பியது. நான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு எதிரே ஓடினேன், ஒரு செருப்பு வழியில் கழன்றது. அவர் சத்தத்தை நிறுத்தி, திரை போட்ட சன்னலைப் பார்த்து, உள்ளே குழந்தை தூங்குகிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அவரும் இரகசியமாகவே இரண்டு துண்டு வெட்டித் தந்து, எஞ்சினைப் போடாமல் வண்டியைச் சரிவில் உருட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்து காது வைத்தேன். குறட்டை. பஸ்ஸில் கேட்ட அதே மெல்லிய குறட்டை.

மச்சான் இரண்டு சின்ன மீனோடு வந்தான். விரலை வாயில் வைத்துக் காட்டினேன். அவனும் கல்லில் இருந்து, சிகரெட்டைப் பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். ரொட்டி ஆறியது. வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்தது. அவள் எழும்பவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இரண்டும் சரியாக வரவில்லை.

சந்தோசம் எனக்கு நீண்ட நேரம் தாங்காது. வடக்கு மெல்ல மெல்ல என்னைக் கடிக்கத் தொடங்கியது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை, யாரிடமும் கேட்டுப் பாருங்கள். ஆனால் கிடப்பது அவள். இவ்வளவு காலத்துக்குப் பிறகு நித்திரை கொள்கிறாள், அதுவும் கூடாத பக்கத்தில் தலை வைத்து. வண்டியை மெதுவாக உருட்டி மூக்கை மலைப்பக்கம் திருப்பினால் அவள் தலை தெற்கே வந்துவிடும், கதவும் தூரத்திலேயே இருக்கும், எல்லாருக்கும் நல்லது. மச்சானிடம் சாடையாகக் கேட்டேன். அவன் மீனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். கேட்காமல் திருப்பினால் பயந்து எழும்புவாளே என்று யோசித்து, கேட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தேன். நித்திரை கொள்கிறவளை எழுப்பி, நித்திரைக்கு வசதி போதுமா என்று கேட்கிற மனுசன் நான்.

உள்ளே ஏறிக் குனிந்து, அவள் காதோரம் சொன்னேன்.

"இஞ்சாரும். தலை வடக்கையெல்லே கிடக்கு. வண்டியை ஒருக்காத் திருப்பட்டோ?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னை விட்டிட்டு அந்த வடக்கைத் திருப்புங்கோ."